உல்லாசக் கப்பலும் உழைப்பாளர் எழுத்தும்

கப்பற் பிரயாணம் பற்றிய நூல்களுக்கு உலக இலக்கியத்திற் குறைவில்லை. எனினும் அவற்றுட் பெரும்பாலானவை மேற்றட்டில் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தோர் எழுதியவை. ஆங்கில நாவலாசிரியர் தக்கரே 1844ஆம் ஆண்டில் பி. அன்ட் ஓ. கம்பனி வழங்கிய இலவசச் சீட்டுடன் மத்தியதரைக் கடலைச் சுற்றிவந்து, 1846இல் தம் பயண நூலை வெளியிட்டார். மார்க் ட்வெயின் 1867இல் 'குவேக்கர் சிற்றி' என்னும் கப்பலில் அமெரிக்க உல்லாசப் பிரயாணிகளுடன் சென்று, அப்பயணத்தை 1869இல் நூலாக்கினார். உடன்வந்தோரின் போலிப் பக்தியையும் அறியாமையையும் அவர் எள்ளி நகையாடிய திறம் இன்றும் சுவைக்கத்தக்கது. ஆயினும் உலைக்குக் கரி அள்ளிப் போட்டவன் யார், அவன் எங்கே உறங்கினான் என்பவற்றை அறிய விரும்புவோருக்கு இந்நூல்களாற் பயன் சிறிதே.

கப்பல் வாழ்க்கை பற்றிய நூலெதனையும் கையிலெடுக்கும் மாணவர் முதலிற் கேட்கவேண்டிய வினா, அது எத்தட்டிலிருந்து எழுதப்பட்டது என்பதே என நாம் கருதுகின்றோம். இன்று நம் பாடசாலைகளை விட்டு நீங்கும் இளைஞர் சிலர் ஹோட்டற்றொழில் பயின்று உல்லாசக் கப்பல்களில் வேலைக்குச் செல்கின்றனர். அவர் கையில் முதலில் அகப்படுவது கம்பனிகளின் வண்ணப் பிரசுரம். அதற்குப் பின்னராயினும் அவர் படிக்கத்தக்க நூல்கள் சிலவுள.

உல்லாசக் கப்பல் பிறந்ததே ஒரு கணக்கேட்டில் எனலாம். குளிர்காலத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கப் பிரயாணிகள் போதாமையால் பெருங்கப்பல்கள் வருவாயின்றிக் கிடந்தன. ஹம்பேர்க் நகரக் கம்பனியின் நிருவாகியான அல்பேர்ட் பாலின், அவற்றுள் ஒன்றான 'ஒகஸ்ரா விக்ரோறியா'வை 1891 ஜனவரியில் மத்தியதரைக் கடலுக்கு இன்பப் பயணம் அனுப்பினார். இன்பம் மேலே, அதனை உற்பத்தி செய்த உழைப்போ நீர்மட்டத்தின் கீழே. 1912இல் மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலில் 29 கொதிகலன்களும் 159 உலைகளும் இருந்தன. அவ்வுலைகளுக்கு இரவு பகலாக மண்வெட்டியால் கரி வாரிப் போட்டோர் மனிதரே.

அவ்வுலைக்களத்தை நாடக மேடைக்குக் கொணர்ந்தவர் யூஜின் ஓ நீல். அவர் 1911இல் அத்திலாந்திக் பிரயாணிக் கப்பல்களில் தாமே மாலுமியாக வேலை செய்தவர். கரிபோடும் தொழிலாளருடன் பழகியவர். 1922இல் மேடையேறிய 'த ஹெயரி ஏப்' என்னும் நாடகத்தில், உருக்கு முதலாளியின் மகள் ஏழைகளைக் 'கண்டறியும்' ஆவலுடன் உலையறைக்கு இறங்கி வருகின்றாள். கரி படிந்த யாங்க் என்னும் தொழிலாளியைக் கண்டதும் மூர்ச்சிக்கின்றாள். தானே கப்பலை ஓட்டும் சக்தி என்று இறுமாந்திருந்த அவன், அந்தப் பார்வையில் தன்னை ஒரு விலங்காகக் காண்கின்றான். முதற் காட்சிகளுக்கு நிகரானவை அக்கால நாடகங்களிற் குறைவு. ஆனால், தொழிற்சங்கமும் யாங்கை ஒற்றனென ஐயுற்று வெளியே தள்ளுவதாக ஆசிரியர் காட்டுமிடத்தில், அவரது நம்பிக்கையீனம் உண்மையை மீறிவிட்டது என்பது நம் கருத்து.

இவ்விடத்தில் ஜோர்ஜ் ஓர்வெல் 1947இல் தம் பத்திரிகைப் பத்தியொன்றில் நினைவுகூர்ந்த சிறு சம்பவம் குறிப்பிடத்தக்கது. அவர் 1922இல், பத்தொன்பது வயதில், பொலிஸ் உத்தியோகத்துக்காகப் பர்மா நோக்கிக் கப்பலேறினார். சுக்கான் பிடிக்கும் மாலுமியொருவர் அவ்விளைஞர் கண்ணுக்குத் தேவனைப்போலத் தோன்றினார். ஒரு நாள் அம்மாலுமி எதையோ மறைத்துக்கொண்டு அவசரமாக ஓடுவதைக் கண்டார். பிரயாணிகள் உண்டு எஞ்சிய புடிங் பாதியளவு கிடந்த பாத்திரமே அது. நூற்றுக்கணக்கானோரின் உயிரைக் கையில் வைத்திருந்தவர் எச்சிற் பண்டத்தைத் திருடவேண்டியிருந்த நிலை, சோசலிசப் பிரசுரங்களினும் கூடுதலாகத் தமக்குக் கற்பித்ததாக ஓர்வெல் கூறுகின்றார். ஆயினும் அதைக் கண்டவர் பிரயாணியே. ஓடியவர் அதுபற்றி எதுவும் எழுதவில்லை.

எழுதிய பெண்ணொருவர் உளர். வயலெற் ஜெசொப் 1887இல் ஆர்ஜென்ரீனாவில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். தாயும் கப்பற் பணிப்பெண்ணே. அவர் நோயுற்றதும் குடும்பச் சுமை மகள்மீது விழுந்தது. இளமையும் அழகும் வேலைக்கு இடையூறென்று கம்பனிகள் கருதியமையால், பழைய உடையணிந்து நேர்முகத்துக்குச் செல்லவேண்டியிருந்தது. 'ஒலிம்பிக்' 1911இல் போர்க்கப்பலுடன் மோதியபோது அதிலிருந்தார்; 'டைட்டானிக்' மூழ்கியபோது அதிலிருந்தார்; 1916இல் மருத்துவக் கப்பலான 'பிரித்தானிக்' ஈஜியன் கடலில் மூழ்கியபோதும் அதிலிருந்து தப்பினார். விந்தைகளை விரும்பும் பத்திரிகைகள் இம்மூன்றையுமே பேசுகின்றன. நூலின் பெறுமதி வேறிடத்தில் உண்டு. சீமாட்டிகளின் முடிவில்லா ஏவல்கள், பணியாளருக்கு ஒதுக்கப்பட்ட நெருக்கமான உறைவிடங்கள், அவற்றைத் திருத்தித் தருமாறு கேட்டபோது செவிகொடுத்த சிற்பி தோமஸ் அன்ட்றூஸ்மீது பணியாளர் கொண்ட நன்றி ஆகியவற்றை அதிற் காணலாம். சற்றே வசதியான படுக்கையிடத்துக்காக எத்துணை நன்றி! வயலெற் புரட்சிக்காரியல்லர்; கம்பனியிடம் விசுவாசம் மிக்கவர். அதனாலேயே அவரது சாட்சியம் நம்பத்தக்கதாகின்றது.

இந்நூலின் வரலாறும் பாடமே. அவர் இதனை எழுதியது 1934இல். 'டைட்டானிக்' அதிகாரியான லைற்றொலரின் கடல் நினைவுகள் 1935இலேயே அச்சேறின. பணிப்பெண்ணின் கையெழுத்துப் பிரதியோ, அவர் 1971இல் இறந்து இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தபின், 1997இலேயே நூலாயிற்று. 'டைட்டானிக்' மூழ்கியதுடன் ஊழியரின் சம்பளக் கணக்கும் நிறுத்தப்பட்டது. அதுவே அன்றைய சட்டம். இறந்த இசைக்கலைஞர் ஒருவரின் தந்தைக்குச் சீருடைச் செலவுப் பாக்கியைக் கேட்டுப் பட்டியல் வந்தது.

வெள்ளையருட் கீழ்நிலையோர் எழுத்துக்கே இக்கதியெனில் ஆசிய மாலுமிகளைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை. 'லஸ்கார்' எனப்பட்ட அவர்கள் 1914இல் பிரித்தானியக் கப்பல்களில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர். பி. அன்ட் ஓ. கப்பல்களில் மேற்றட்டு வேலைக்குக் குஜராத், கொங்கணக் கரையோரத்தவர், இயந்திர அறைக்குப் பஞ்சாபியரும் பட்டாணியரும், உணவு மண்டபத்துக்குக் கோவாக் கிறித்தவர் எனப் பிரித்து வைக்கப்பட்டனர். ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காதிருந்தமை முதலாளிகளுக்கு வசதியாயிற்று. வெள்ளை மாலுமியின் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கும், அதனினும் குறைவும் பெற்றனர்; சட்டம் அவர்க்கு ஒதுக்கிய உறைவிடமும் சிறிதே. 1939இல் போர் மூண்டதும் பிரித்தானியத் துறைமுகங்களில் அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்து ஊதிய உயர்வு பெற்றனர். இவர்களை அறிய றொஸினா விஸ்ராம் 1986இல் வெளியிட்ட 'ஆயாஸ், லஸ்கார்ஸ் அன்ட் பிரின்சஸ்' இன்றியமையாதது. அடுத்த ஆண்டு வெளிவந்த கரொலைன் அடம்ஸின் 'ஏழு கடலும் பதின்மூன்று ஆறும் கடந்து' என்னும் பொருள்படும் நூலில், முன்னாள் சில்ஹெற் மாலுமிகளான கிழக்கு லண்டன் முதியவர்கள் தம் கதையைத் தாமே கூறுகின்றனர். எழுதாதவர் பேசினர்; பேசியதை ஒருவர் பொறுமையுடன் எழுதிக்கொண்டார். கொழும்புத் துறைமுகத்தில் இதே கப்பல்களுக்குக் கரி சுமந்தோரிடம் எவரும் இவ்வாறு கேட்டெழுதியதை நாம் கண்டிலோம்.

இன்றைய உல்லாசக் கப்பலைப் புரிந்துகொள்ளக் கொடியின் கதையை அறிதல் வேண்டும். அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையிலிருந்த 1922இல், பிரயாணிகளுக்கு மது விற்பதற்காக 'றிலையன்ஸ்', 'றிசொலூற்' என்னும் இரு கப்பல்கள் பனாமாக் கொடிக்கு மாற்றப்பட்டன. சாராயத்துக்காகக் கண்ட வழி பின்னர்த் தொழிற்சட்டங்களினின்று தப்பவும் உதவிற்று. 1958இல் ஜெற் விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கியதும் பழைய பிரயாணிக் கப்பல்கள் மலிவாயின. அவற்றுள் ஒன்றே 'மார்டி கிரா' எனப் பெயர்மாறி, 1972இல் மயாமியிலிருந்து முதற் பயணம் புறப்பட்ட அன்றே தரைதட்டியது. அதிலிருந்து வளர்ந்த பெருந்தொழிலின் வரலாற்றைக் கிறிஸ்தோபர் காரின் 2005இல் வெளியிட்ட 'டெவில்ஸ் ஒன் த டீப் புளூ சீ' சுவைபடக் கூறும். வெளிநாட்டுக் கொடியுடைய கப்பலின் வெளிநாட்டு ஊழியரை அமெரிக்கத் தொழிலுறவுச் சட்டம் கட்டுப்படுத்தாது என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1963இலேயே தீர்த்திருந்தது. 1981இல் மயாமியில் மத்திய அமெரிக்க ஊழியர் இருநூற்றுக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, அவர்கள் பேருந்துகளில் விமான நிலையத்துக்கு ஏற்றப்பட்டு நாடு கடத்தப்பட்டனர்.

டேவிட் பொஸ்ரர் வொலஸ் 1995இற் செய்த பயணத்தைப் பற்றி எழுதிய நெடுங்கட்டுரை பிரயாணியின் எழுத்தே. எனினும் பணியாளரின் கட்டாயப் புன்னகையைக் கண்டு கலங்கியவர் அவர். பிரயன் புறூன்ஸின் 'குறூஸ் கொன்பிடென்ஷியல்' (2008) பரிசாரகர் ஒருவரின் நேரடிக் கூற்று. நகைச்சுவை மிகுந்தது; சற்று மிகைப்படவும் கூடும். அவர் அமெரிக்கர், காதலியைத் தொடர்ந்து கப்பலேறியவர், வேண்டாமெனில் இறங்கிவிடலாம். கடன்பட்டு வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ்காரனுக்கு அது இயலாது. ஊதியம், வேலை நேரம் பற்றிய விபரங்களுக்குக் கனேடியப் பேராசிரியர் றொஸ் க்ளைனின் 'குறூஸ் ஷிப் புளூஸ்' (2002) மேலானது. 2013இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் சமவாயமும் நாளொன்றுக்குப் 14 மணித்தியாலம், வாரத்துக்கு 72 மணித்தியாலம் என்பதையே உச்சவரம்பாக ஏற்கின்றது. சிக்காகோத் தொழிலாளர் எட்டு மணித்தியாலம் கேட்டது 1886இல்.

2020 பெப்ரவரியில் யொக்கொஹாமாவில் நோய்த்தடுப்புக்காக மறிக்கப்பட்ட 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில், பிரயாணிகள் அறைகளில் அடைந்திருக்க, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர் வேலையிலேயே நிறுத்தப்பட்டனர். நெருக்கமான அறைகளிற் சேர்ந்து உறங்கியவாறே உணவு பரிமாறினர். அவ்வாண்டு ஏப்ரிலில் கொழும்பருகே வந்த 'மக்னிபிகா' கப்பலில் இலங்கைச் சமையற்காரர் ஒருவர் இருந்தார். தம்மை இறக்கிவிடுமாறு அவர் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்து அனுப்பிய வேண்டுகோள் நாடெங்கும் பரவிய பின்னர், கடற்படையினர் சென்று அவரைக் கரைக்குக் கொணர்ந்தனர். பிரயாணிகள் வீடு சேர்ந்த பின்னரும் ஏனைய நாட்டு ஊழியர் பல்லாயிரவர் உலகத் துறைமுகங்களுக்கு வெளியே மாதக்கணக்கில் நங்கூரமிட்ட கப்பல்களிற் காத்திருந்தனர்.