சோழர் தலைநகரில் இரண்டு நாள்

நாங்கள் கோடியக்கரைக்காரர்கள். வேதாரணியத்திற்குத் தெற்கே, நிலம் முடிந்து கடல் தொடங்கும் முனையில் எங்கள் ஊர் இருக்கிறது. ஆசிரியப் பணியில் இருந்த காலமெல்லாம் ஆண்டுதோறும் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்று வருவது என் வழக்கம். என் மனைவி ஒருமுறையும் உடன் வந்ததில்லை. "நாற்பது பிள்ளைகளை எண்ணிக்கொண்டே நடப்பதற்கு நானும் எதற்கு?" என்பாள். ஓய்வு பெற்ற பின்னரே அவளை அழைத்துக்கொண்டு ஊர் பார்க்கப் புறப்பட வாய்த்தது. தஞ்சைக்குப் போகலாம் என்றேன். "அது உங்களுக்கு மனப்பாடமான ஊர். நீங்களும் பாராத ஊர் ஒன்று சொல்லுங்கள்" என்றாள். நாற்பதாண்டுக் காலம் வரலாறு கற்பித்த நான் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கண்ணால் கண்டதில்லை என்பதை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

தை மாதத்தில் சென்றோம். கும்பகோணத்தில் தங்கி, மறுநாட் காலை அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்தோம். இரு மருங்கிலும் நெல் அறுவடைக்குக் காத்திருந்தது. பேருந்தின் சன்னல் வழியே கீழணையின் மதகுகளை அவளுக்குக் காட்டினேன். அந்த அணையைப் பற்றிப் பின்னர் நாங்கள் வழக்காட நேரும் என்று அப்போது நினைக்கவில்லை.

முதலாம் இராசேந்திரன் 1014 முதல் 1044 வரை ஆண்டவன். 1023-ஆம் ஆண்டளவில் அவன் படைகள் கங்கைக் கரைவரை சென்று, தோற்ற மன்னர் தலைகளிலே கங்கை நீரைச் சுமப்பித்துக் கொண்டுவந்தன என்று செப்பேடு கூறும். அதன் நினைவாகத் தஞ்சைக்கு வடகிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் புதிய தலைநகர் எழுந்தது. 1025-இல் கடாரத்தின்மேல் கப்பற்படை ஏவியவனும் இவனே. 1279 அளவில் மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் ஆட்சி முடியும்வரை, ஏறக்குறைய 250 ஆண்டுகள், தென்னாட்டின் பெருந்தலைநகராக இருந்தது இவ்வூர். இன்று அது ஒரு சிற்றூர்.

கோயிலைப் பற்றி மிகுதியும் சொல்லப் போவதில்லை; படம் இல்லாத பாடநூல் உண்டா? ஒன்று மட்டும் கூறுவேன். தஞ்சை விமானம் நேர்க்கோடாக வானை நோக்கி ஏறுகிறது. இங்குள்ள விமானமோ உட்குழிந்து வளைந்து, சற்றே நாணியதுபோல் உயர்கிறது. தந்தையின் கோயிலைவிட உயரத்தில் குறைந்ததும் இதுதான். வடபுற வாயிற்படியருகே, உமை பக்கத்தில் அமர்ந்திருக்க, சிவபெருமான் சண்டேசருக்குக் கொன்றை மாலையைத் தலையில் சுற்றும் சிற்பம் இருக்கிறது. என் மனைவி அதன் முன் வெகுநேரம் நின்றாள். பின்பு திரும்பி, "சாமி இருந்த இடம் பார்த்தாயிற்று. ராஜா இருந்த இடம் எங்கே?" என்று கேட்டாள்.

மாணவர்கள் என்னிடம் ஒருநாளும் கேட்டிராத கேள்வி அது. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

ஆட்டோ ஒன்றைப் பேசிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள மாளிகைமேட்டுக்குப் போனோம். தமிழக அரசின் தொல்லியல் துறையினர் 1980 முதல் அங்கே பலமுறை அகழ்ந்திருக்கிறார்கள். கூரையின் கீழ்ச் செங்கற் சுவர்களின் அடித்தளம் தெரிகிறது. அவ்வளவே அரண்மனை! ஓடுகளும், இரும்பு ஆணிகளும், தந்தப் பொருள்களும், சீனப் பீங்கான் துண்டுகளும் அகழ்வில் கிடைத்தன. கல் தெய்வத்திற்கு, அரசனுக்குச் செங்கல்லும் மரமும் ஓடும் என்பதே அக்கால முறை. மரம் மக்கும், ஓடு உடையும். செங்கல்லோ, தலைநகர் பாழ்பட்ட பின் பல தலைமுறையாக அக்கம்பக்கத்தார் தோண்டி எடுத்துப் போனது போக எஞ்சியதுதான் நாம் காண்பது. பகைவர் அழித்தது ஒரு பங்கென்றால், நம்மவர் வீட்டுச் சுவருக்குள் புகுந்தது மறுபங்கு.

"ராணிகள் எங்கே இருந்தார்கள்?" என்றாள். எந்தச் சுவரைக் காட்டுவது? இராசேந்திரன் இறந்தபோது அவனோடு உயிர்நீத்த வீரமாதேவியை மட்டும் சொன்னேன். அவள் தாகம் தீர, அவளுடைய உடன்பிறந்தான் தண்ணீர்ப் பந்தல் வைத்த செய்தி வடக்கே பிரமதேசத்துக் கல்வெட்டில் இருக்கிறது. அரண்மனையில் அவள் வாழ்ந்த அறை போயிற்று. தாகம் மட்டும் கல்லில் நின்றது. என் மனைவி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை அணைக்கரையின் கதைக்கு வந்தேன். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கீழணை கட்டப்பட்டபோது, இக்கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். கோயிலைச் சுற்றிலும் மதில் குலைந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நான் சற்றுக் கொதிப்போடு சொன்னேன் போலும். அவளோ உழவர் வீட்டுப் பெண். "அந்தத் தண்ணீரில்தானே காலையில் பார்த்த நெல் விளைகிறது? கல்லை எடுத்தவன் வயலுக்குத்தானே போட்டான்?" என்றாள். வீராணம் ஏரியும் அவ்வணையின் நீரைப் பெறுகிறது. அதுவும் சோழர் வெட்டிய ஏரிதான். எனினும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மலையில் கல் இல்லையா? இருந்தது, தொலைவில் இருந்தது. அருகிலிருந்த கல் எளிதாக இருந்தது. எளிது என்பதற்காக எடுத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. நெல் விளைந்ததும் பொய்யன்று.

மறுநாள் பொன்னேரியைப் பார்த்தோம். சோழகங்கம் என்று பெயரிட்டு இராசேந்திரன் வெட்டிய ஏரி அது. வெற்றிக்கு நீராலேயே தூண் நாட்டினான் என்ற பொருள்படத் திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் புகழும். அதன் கரை வடக்குத் தெற்காகச் சுமார் 16 மைல் ஓடியதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பு சொல்கிறது. பெரும் பரப்பு தூர்ந்து போயிற்று. கரைமேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "எங்கேயிருந்து வர்றீங்க ஐயா?" என்று விசாரித்தார். கோடியக்கரை என்றேன். "அங்கேயும் சோழராஜா கட்டினது ஏதோ இருக்குதாமே?" என்றார்.

இருந்தது. பராந்தக சோழன் கட்டியதாக எங்கள் பக்கத்தில் சொல்லும் பழைய கலங்கரை விளக்கம், செங்கல்லும் சுண்ணாம்புமாக, இடிந்த நிலையில் கடற்கரையில் நின்றது. 2004-ஆம் ஆண்டு யுனெஸ்கோ கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எங்கள் கலங்கரை விளக்கத்தை வீழ்த்திற்று. ஆண்டுக்காண்டு மாணவர்களைத் தஞ்சைக்கு அழைத்துப் போன நான், நடந்து போகும் தொலைவில் இருந்த அந்த விளக்கத்திற்கு ஒருமுறையும் ஒரு வகுப்பை அழைத்துச் சென்றதில்லை. கயிறு கொடுத்து அளக்கச் சொன்னதில்லை. ஒரு படம் வரையச் சொன்னதும் இல்லை. பெரியவரிடம், "விழுந்துவிட்டது" என்று மட்டும் சொன்னேன்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, "வாருங்கள், போய்ப் பார்த்து வரலாம்" என்று அவளே புறப்பட்டாள். மணலில் கட்டுமானச் சிதைவுகள் கிடந்தன. அவள் குனிந்து ஒரு செங்கல்லைச் சாணால் அளந்தாள், பெயர்க்கவில்லை.

"மாளிகைமேட்டுச் செங்கல்லும் இந்த அகலம்தானா?" என்று கேட்டாள்.

அங்கே நான் அளந்து பார்க்கவில்லை.