நஞ்சை கொடுத்து மேய்ச்சல் தரை வாங்கிய வரலாறு

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். கங்கைகொண்ட சோழபுரத்தின் சிறப்பையும் சோழகங்கம் என்னும் பேரேரியின் பெருமையையும் எழுதுவார் பலர் உளர். நாம் எழுதப் புகுவது கல்வெட்டில் ஏறாத வரலாறு. கிராமக் கணக்குகளிலும் நம் வீட்டுத் தகரப் பெட்டிகளிலும் உறங்கிக் கிடப்பது அது. நல்ல விளைநிலத்தைக் கொடுத்துவிட்டு, அதனினும் பன்மடங்கு பரந்த மேய்ச்சல் தரையைப் பெற்றுக்கொண்ட நம் முன்னோரின் பரிவர்த்தனைகளைப் பற்றியது.

முதலில் நிலத்தின் இயல்பைச் சொல்லிவிடுதல் வேண்டும். பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களும் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து அரியலூர் பிரிந்து, மீண்டும் இணைந்து, 2007-இல் நிலையாகப் பிரிந்தது. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் ஓடினும், நடுவிலுள்ள ஊர்கள் மழையையும் ஏரியையும் நம்பியே வாழ்ந்தன. ஏரி மதகின் கீழே பாய் விரித்தாற்போல் ஒரு சிறு பரப்பு நஞ்சை. அதற்கு அப்பால் பருத்தியும் மல்லியும் சோளமும் விளையும் கரிசல். அதற்கும் அப்பால் உடைமுள்ளும் ஆவாரையும் படர்ந்து, மண்வெட்டி போட்டால் சுக்கான் கல்லில் மோதித் தெறிக்கும் மேடு. அம்மேட்டில்தான் ஊர் மாடுகள் மேய்ந்தன. அதனைக் கிராமக் கணக்கு மேய்க்கால் புறம்போக்கு என்று குறிக்கும். மதகடி நஞ்சையில் நம் மக்களுக்கு இடம் இருந்ததென்றால், அது பெரும்பாலும் ஊழியத்துக்கு ஈடாகக் கிடைத்த மானியமாகவே இருந்தது.

ஏக்கர் என்னும் சொல் ஏமாற்ற வல்லது. இதனை அரசே அறிந்திருந்தது. 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் வெறும் ஏக்கரைக் கொண்டு கணக்கிடாமல், 'தர ஏக்கர்' என்றொரு அளவையை வகுத்தது. நடுத்தரத் தீர்வையுடைய நஞ்சை ஓர் ஏக்கருக்கு, புஞ்சையானால் இரண்டரை ஏக்கரோ அதற்கு மேலோ ஈடு என்பது அதன் கணக்கு. குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றிருந்த வரம்பு 1970-இல் 15 ஆகக் குறைக்கப்பட்டது. எனவே ஓர் ஏக்கர் நஞ்சைக்கு மூன்று ஏக்கர் புஞ்சை பெறுதல் தன்னளவில் இழப்பன்று. ஆனால் அந்தக் கணக்கு தீர்வை ஏற்பட்ட புஞ்சைக்கே பொருந்தும். மேய்க்கால் புறம்போக்குக்குத் தீர்வையும் இல்லை, பட்டாவும் இல்லை. அதனை எத்தனை ஏக்கர் பெற்றாலும் ஏட்டில் அதன் மதிப்பு சுழியமே.

இனி நம் குடும்பத்தில் நிகழ்ந்ததைச் சொல்லலாம். தற்பெருமைக்காகவோ தன்னிரக்கத்துக்காகவோ அன்று. ஆவணம் கைவசம் இருப்பதால் சொல்கிறோம். நம் பாட்டனார் ஊர் வெட்டியான் முறை பார்த்தவர். சாவுச் செய்தி சொல்லப் பல காதம் நடப்பதும், செத்த மாடு அகற்றுவதும், அதிகாரிகள் முகாமிட்டால் விறகும் தண்ணீரும் சுமப்பதும், தண்டோரா போடுவதும் அம்முறையில் அடங்கும். அதற்கு ஈடாக ஏரி மதகின் கீழ் ஓர் ஏக்கர் இருபது சென்ட் மானியம் இருந்தது. ஒரு போகம் சம்பா. ஈரம் இருந்தால் பின்னால் உளுந்து. பங்காளிகள் நால்வர் அதனைப் பங்கிட்டு உண்டனர்.

இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் ஊரின் பெரிய நிலக்கிழார் ஒருவர் அவர்களை அழைத்து ஒரு யோசனை சொன்னார். மதகடி நிலம் அவருடைய வயலை ஒட்டியிருந்தது. 'அதனை எனக்கு விட்டுவிடுங்கள். மேட்டுக்காட்டில் ஐந்து ஏக்கர் தருகிறேன். முறைக்கு வேறு ஆள் வைத்துக்கொள்கிறேன்' என்றாராம். ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கு நால்வரையும் மயக்கியது. அதனினும் மயக்கியது, முறை ஒழிந்தது என்ற சொல். ஒரு முத்திரைத்தாளில் நால்வரும் கைநாட்டு வைத்தனர். பரிவர்த்தனைப் பத்திரம் என்று அதன் தலைப்பில் எழுதியிருக்கிறது. பதிவு செய்யப்படவில்லை. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட நிலப் பரிவர்த்தனையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் விதி. கைநாட்டு வைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. எழுதியவருக்குத் தெரிந்தே இருக்கும்.

பல்லாண்டுகள் கழித்து நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த பின், அந்த ஐந்து ஏக்கரின் புல எண்களை அ-பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டு ஏக்கர் மட்டுமே நிலக்கிழாரின் பட்டாப் புஞ்சை. எஞ்சிய மூன்று ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கு. தமக்கு உரிமையில்லாத ஊர்ப் பொது நிலத்தை அவர் எம் முன்னோருக்கு ஈடாகக் கொடுத்திருந்தார்! அந்த மூன்று ஏக்கருக்கு எம் குடும்பம் ஆண்டுதோறும் பி மெமோ வாங்கி அபராதத் தீர்வை கட்டி வந்தது. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி நாங்கள் ஆக்கிரமிப்பாளர்கள். மதகடி நஞ்சையோ 1980-களில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது நிலக்கிழாரின் வாரிசுகள் பேரில் ஏறிவிட்டது.

சட்டப்படி அந்தப் பரிவர்த்தனையே செல்லாது என்பதுதான் இதில் வேதனையானது. 1895-ஆம் ஆண்டுச் சென்னைப் பரம்பரைக் கிராம அலுவல்கள் சட்டம், கிராம ஊழிய மானியங்களை எவ்வகையிலும் கைமாற்றவோ வில்லங்கப்படுத்தவோ கூடாது என்று தடுத்தது. அரை நூற்றாண்டாக நடைமுறையில் இருந்த அச்சட்டத்தை அந்நால்வருக்குப் படித்துச் சொல்ல எம் தெருவில் எழுத்தறிந்தவர் ஒருவரும் இல்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, எம் பாட்டியார் கூறியதை மறைத்தால் வரலாற்றுக்குத் துரோகம் செய்தவராவோம். அந்தப் பத்திரத்தை நாம் ஒருமுறை பழித்துப் பேசியபோது அவர் சினந்தார். மேட்டுக்காட்டுக்குப் போன பிறகு நள்ளிரவில் வாசலில் நின்று யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்றார். ஆடு வளர்த்ததும், இரண்டு எருமை வாங்கிப் பால் ஊற்றியதும், வரகும் துவரையும் விதைத்ததும் அங்கேதான். நம் தந்தையார் எட்டாம் வகுப்பு வரை படித்த செலவு வெள்ளாட்டுக் குட்டி விற்ற காசு. நஞ்சையில் இருந்திருந்தால் அவரும் முறைக்கே போயிருப்பார் என்பது பாட்டியாரின் முடிவு. சட்டமும் கணக்கும் கற்ற நமக்கு அதற்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை.

பாட்டியார் கண்ட இந்த உண்மையையே மராட்டிய நாட்டில் அண்ணல் அம்பேத்கர் அரசியல் கோரிக்கையாக்கினார். அங்கே மகர் மக்களுக்கு வதன் என்னும் ஊழிய மானியம் இருந்தது. துண்டு துண்டாகப் பங்கு பிரிந்த அச்சிறு நிலத்துக்காக ஒரு சமூகமே அரசுக்கும் ஊருக்கும் இரவு பகலாக ஏவல் செய்யக் கடமைப்பட்டது. 1928-இல் அண்ணல் பம்பாய் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். வதன் நிலத்துக்கு உரிய தீர்வையைக் கட்டிவிட்டு, ஊழியத்திலிருந்து விடுபட்டு, அதனைச் சொந்த நிலமாகவே வைத்துக்கொள்ள வழி செய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. மசோதா உருக்குலைக்கப்பட்டதால் 1929-இல் அதனைத் திரும்பப் பெற்றார். 1942-இல் நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்டோர் மாநாடு, நம் மக்களுக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும் எனத் தீர்மானித்தது. 1947-இல் அண்ணல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்னும் அறிக்கை, அரசின் தரிசு நிலங்களில் அக்குடியிருப்புகளை அமைக்கத் தனி ஆணையம் கேட்டது. வளமான ஊரில் அடிமையாயிருப்பதைவிட வறண்ட மேட்டில் உரிமையோடிருப்பது மேல் என்ற எண்ணமே இக்கோரிக்கைகளின் அடிப்படை என்று நாம் கருதுகிறோம். கீழ்நிலைக் கிராம ஊழிய வதன்களை ஒழிக்கும் சட்டம் 1958-இல் வந்தது.

மராத்வாடாப் பகுதியில் இது போராட்டமாகவே வடிவெடுத்தது. அங்கே மேய்ச்சல் நிலத்துக்குக் காயரான் என்று பெயர். நிலமற்ற நம் சகோதரர்கள் அக்காயரானில் ஏர் பூட்டினர், முட்செடி களைந்தனர், கல் பொறுக்கி வரப்பிட்டனர். 1953-இல் தொடங்கிய நிலச் சத்தியாக்கிரகம், தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் 1959-இலும் 1964-இலும் பெருகியது. 1964 டிசம்பர் 6, அண்ணலின் நினைவு நாளன்று தொடங்கிய போரில் இலட்சக்கணக்கானோர் சிறை புகுந்தனர் என்று அவ்வியக்க வரலாறு கூறும். 1978-இலும் 1991-இலும் மராட்டிய அரசு, காயரானைப் பண்படுத்திப் பயிரிட்ட நிலமற்றோருக்கு அதனை உரிமையாக்க ஆணையிட்டது. அம்மக்கள் மேய்ச்சல் தரையைத் தாமே தேர்ந்தனர், கூட்டமாகச் சென்றனர், இறுதியில் அரசின் ஏட்டிலேயே உரிமை கோரினர். எம் பாட்டனார் தனியே சென்றார்; தெருவிலுள்ளோர்க்கும் சொல்லவில்லை.

நம் மாகாணத்தில் அரசே நிலம் தந்த கதையும் உண்டு. செங்கற்பட்டின் தற்காலிகக் கலெக்டராயிருந்த திரமென்கீர் 1891-இல் அம்மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி ஓர் அறிக்கை அளித்தார். தரிசுக்கு நம்மவர் தர்க்காஸ்து மனு கொடுத்தால் மிராசுதாரரின் முன்னுரிமை குறுக்கே நிற்பதை அவர் எடுத்துக் காட்டினார். 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை பிறந்தது. அவ்வழியில் மாகாணத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகச் சொல்வது வழக்கு. பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் வழங்குவது அதுவே. பத்தாண்டுகளுக்கு எவருக்கும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பின்னும் நம் வகுப்பார்க்கு அன்றிப் பிறர்க்குக் கொடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. விற்பனை என்று எழுதினால் தடை. 'பரிவர்த்தனை' என்று எழுதினால் குற்றமில்லை என இன்றும் சிலர் நம் இளைஞர்களிடம் சொல்லி வருகின்றனர். பரிவர்த்தனையும் உரிமை மாற்றமே என்பதை ஈண்டு அழுத்திச் சொல்லுகிறோம். 1994 அக்டோபரில் காரணையில் பஞ்சமி நில மீட்புக்காக நின்று துப்பாக்கிக் குண்டுக்கு இரையான ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரையும் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

கடல் கடந்தும் இதனைக் காணலாம். ஆப்பிரிக்காவில் கென்ய நாட்டு மாசாய் மக்கள் மாடு மேய்ப்பவர்கள். ஆங்கிலேயர் 1904-இல் ஓர் ஒப்பந்தத்தால் பிளவுப் பள்ளத்தாக்கின் நல்ல புல்வெளியைத் தம் குடியேறிகளுக்காகப் பெற்றனர். 1911-இல் மற்றோர் ஒப்பந்தத்தால் இலைக்கிப்பியா மேட்டையும் பெற்று, தெற்கே விரிவாக்கிய நிலத்துக்கு அவர்களைப் பெயர்த்தனர். அந்நிலத்தின் பல பகுதிகளில் நீர் அருகியிருந்தது; கால்நடை நோய் மலிந்திருந்தது. மாசாய் மக்கள் வழக்குத் தொடுத்தனர். அரசுக்கும் அயல் இனத்தார்க்கும் இடையே ஆன உடன்படிக்கையை விசாரிக்க அதிகாரமில்லை என்று நீதிமன்றம் 1913-இல் தள்ளிவிட்டது. அவர்கள் கையிலும் ஒரு தாள் இருந்தது!

நம் நாட்டு உச்சநீதிமன்றம் 2011 சனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றுமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. நிலமற்ற தொழிலாளர்க்கோ பட்டியல் வகுப்பார்க்கோ அரசு அறிவிக்கையின் வழியே குத்தகை அளிக்கப்பட்டிருந்தால் விதிவிலக்காகக் கருதலாம் என்றும் கூறியது. மூன்று ஏக்கர் மேய்க்காலை உழுது வந்த எம் குடும்பத்திடம் அத்தகைய தாள் இல்லை. பட்டாவுள்ள இரண்டு ஏக்கரில் இப்போது நம் தம்பி மக்காச்சோளம் விதைக்கிறார். மற்றதில் ஆடு மேய்கிறது. நாங்கள் மனு எழுதியிருக்கிறோம்.

பரிவர்த்தனைப் பத்திரத்தின் நகலையும், நாற்பது ஆண்டு பி மெமோ ரசீதுகளையும் ஒரு கோப்பில் கட்டிச் சங்க நூலகத்தில் ஒப்படைத்துள்ளோம். இதுபோன்ற தாள்கள் தம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் உறுப்பினர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்கு மேல் அவற்றைக் கொண்டுவந்தால், புல எண்ணை அ-பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க நாமும் பள்ளி இறுதி வகுப்பு மாணவர் சிலரும் அங்கே இருப்போம்.