குளவியைக் கொன்ற நஞ்சு

மலையகத் தேயிலையின் வரலாற்றை எழுதுவோர் துரைமாரைப் பற்றி எழுதுவர். ஏற்றுமதியைப் பற்றி எழுதுவர். ஒரு சிறு குளவிக்கும் அவ்வரலாற்றில் இடமுண்டு என்பதைச் சிலரே நினைப்பர்.

இளம் இலைகளை நூலாற் பிணைத்து, உள்ளே மறைந்திருந்து தின்னும் சுருட்டுப்புழு ஒருகாலத்தில் இலங்கைத் தோட்டங்களைப் பெரிதும் அலைக்கழித்தது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் 1935-36இல் யாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்னும் குளவியைக் கொணர்ந்து விடுவித்தனர். அது புழுவின் உடலில் முட்டையிடும். அதன் குஞ்சு புழுவையே உண்டு வளரும். நாளடைவிற் புழுவின் கொட்டம் அடங்கிற்று.

பின்னர், கிளைகளைத் துளைக்கும் வண்டினை ஒழிக்க, 1950களின் இறுதியை ஒட்டி டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. விளைவு யாது? அடங்கிக் கிடந்த சுருட்டுப்புழு மீண்டும் பெருகிற்று! நஞ்சு குளவியை அழித்துவிட்டது.

இதனைக் கணிதம் முன்னரே கூறியிருந்தது. முதல் உலகப் போரின்போது அத்ரியாத்திக் கடலில் மீன்பிடி குறைந்தது. அக்காலத்தில் பிற மீன்களைத் தின்னும் மீன்களின் விகிதம் உயர்ந்தது. காரணம் தேடிய இத்தாலியக் கணித அறிஞர் வீத்தோ வொல்தெரா 1926இல் சில சமன்பாடுகளை வெளியிட்டார். 1925இல் அமெரிக்காவில் லொட்காவும் அத்தகைய சமன்பாடுகளைத் தனியே கண்டிருந்தார். இரை தன் பெருக்கத்தால் வளரும். இரையும் கொல்லியும் சந்திக்குந்தோறும் இரை குறையும், கொல்லி பெருகும். இக்கணக்கின்படி இரையின் சராசரித் தொகையைத் தீர்மானிப்பது கொல்லியின் இறப்பு வீதமே. ஆகவே, இரண்டையும் ஒருசேரக் கொன்றால் கொல்லி குறையும், இரையோ மிகும். வயலின் சிக்கல்கள் யாவும் இவ்வெளிய கணக்கில் அடங்கா. எனினும் அது காட்டிய திசை தவறவில்லை.

அதே வொல்தெரா, 1931இல் பாசிச அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து, உரோமைப் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார் என்பதையும் நம் மாணவர் அறிதல் வேண்டும்.

நஞ்சு ஒன்றை மட்டும் தேர்ந்து கொல்வதில்லை. மண்ணில் நெடுங்காலம் தங்கி மனித நரம்பையும் தாக்கும் டீல்ட்ரின், 2001ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்கப்படவேண்டிய நஞ்சுகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அந்நாளில் மருந்துத் தாங்கியை முதுகிற் சுமந்தவர் யார்? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை மறுக்கப்பட்ட தொழிலாளரே அன்றோ! விளைச்சலைக் கணக்கிட்டவர்கள் குளவியைக் கணக்கில் விட்டனர், அம்மனிதரையும் விட்டனர். விடுபட்டவற்றைச் சேர்த்துக் கணக்கிடுவதே மெய்யான அறிவியல். மெய்யான வரலாறும் அதுவே.