வட்டுக்கோட்டைச் சாத்திரசாலையும் பல்துறை ஆராய்ச்சியும்

ஈழத்துக் கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் வட்டுக்கோட்டைச் சாத்திரசாலையைப் பற்றிப் பெரும்பாலும் இரண்டு செய்திகளையே கூறி அமைவர். அங்கே ஆங்கிலக் கல்வி உயர்ந்த நிலையிற் போதிக்கப்பட்டது என்பது ஒன்று. சமயமாற்றம் அதன் நோக்கமாயிருந்தது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும் 1823 முதல் 1855 வரை நிலவிய அக்கலைக்கூடத்தில் நிகழ்ந்த வேறொன்று, இவ்விரண்டினும் நெடுங்காலம் பயன் தந்தது. ஆசிரியரும் மாணவரும் ஒருங்கு கூடி ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, ஏடுகளைத் தேடி, கணக்கிட்டு, ஒப்புநோக்கி, கண்ட முடிபை அச்சில் ஏற்றும் வழக்கம் யாழ்ப்பாணத்து மாணாக்கரிடையே வேரூன்றியது அங்கேதான் எனலாம். வானநூல், அகராதி, கணிதம், தருக்கம், மருத்துவம், இலக்கிய வரலாறு எனப் பல துறைகளிலும் அது பரவிற்று. அவ்வுழைப்பைச் செய்தோர் யாவர், அதனாற் பெயர் பெற்றோர் யாவர் என்னும் வினாவும் அதனுடனே வளர்ந்தது.

அமெரிக்க மிசனரிமார் 1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். ஏழாண்டுகளின் பின் வட்டுக்கோட்டையில் உயர்தரக் கல்லூரி ஒன்றை நிறுவக் கருதி அவர்கள் வகுத்த திட்டத்தில் ஆங்கிலத்தோடு தமிழும் சமஸ்கிருதமும் இடம்பெற்றன. இது கவனித்தற்குரியது. உள்ளூர் மொழியையும் அதன் நூல்களையும் செவ்வனே அறியாதவன் உள்ளூராரோடு வாதிட்டு வெல்ல முடியாது என்பது அவர்தம் கணக்கு. எனவே கணிதம், இயற்கைத் தத்துவம், வானநூல் ஆகியவற்றுடன் தமிழ் இலக்கண இலக்கியங்களும் அங்கே பயிலப்பட்டன. முதல் அதிபர் டானியல் பூவர், அவருக்குப் பின் 1836 முதல் 1849 வரை அதிபராயிருந்த ஹென்றி ஹொய்சிங்ரன் ஆகிய இருவரும் கணிதத்திலும் வானநூலிலும் ஈடுபாடு மிக்கவர். இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமெர்சன் ரெனன்ற் 1850 இல் வெளியிட்ட நூலில், இச்சாத்திரசாலை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது என்னுங் கருத்துப்பட எழுதினார். அவர் புகழ்ச்சியைக் குறைத்துக் கொண்டாலும் மாணவரின் தேர்ச்சி மெய்யானது என்பதற்கு அவர்கள் பின்னர் எழுதிய நூல்களே சான்று.

இவ்வாராய்ச்சி மரபின் தொடக்கம் ஒரு சச்சரவு. அராலியில் விசுவநாத சாத்திரியார் என்னும் பெரும் பஞ்சாங்க கணிதர் வாழ்ந்தார். வண்ணைக் குறவஞ்சி, நகுலமலைக் குறவஞ்சி ஆகியவற்றைப் பாடிய புலவரும் அவரே. 1829 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் சந்திர கிரகணம் ஒன்று நிகழவிருந்தது. சாத்திரியாரின் பஞ்சாங்கம் கூறிய நேரமும் மறைப்பின் அளவும், ஐரோப்பிய முறைப்படி கணித்தவற்றோடு ஒவ்வாமையைப் பூவர் கண்டார். மாணவருக்கும் ஊராருக்கும் அதை முன்னரே அறிவித்து, குறித்த இரவில் அனைவரும் வானத்தை நோக்குமாறு செய்தார். கிரகணம் பூவர் கூறியவாறே நிகழ்ந்தது. இந்நிகழ்ச்சியை மிசனரிமார் தம் சமயத்துக்குக் கிடைத்த வெற்றியாகவே எழுதி வைத்தனர்.

பஞ்சாங்கம் சில நிமிடங்கள் பிழைபட்டமையாற் சைவசமயம் பிழையென்று முடிவுகட்டுவது தருக்கத்துக்கு ஒவ்வாது. பூவரின் கூடத்தில் தருக்கம் பயின்ற மாணவனே அதனை எடுத்துக் காட்டியிருக்கக்கூடும். உண்மையில் அங்கே மோதியவை இரு கணித முறைகள். தமிழ்ப் பஞ்சாங்க கணிதர் கையாண்டது வாக்கிய முறை. எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் எண்மதிப்பு வைத்து யாத்த சிறு வாக்கியங்களை மனனஞ் செய்து, அவற்றினின்று கோள்களின் நிலையைப் பெறுவது அதன் இயல்பு. சந்திரன் பூமிக்கு அண்மையில் வந்து மீண்டும் அந்நிலை எய்தும் சுற்று ஒன்பது முறை நிகழ்வதற்கு ஏறக்குறைய 248 நாள்கள் செல்லும். ஆதலாற் சந்திர வாக்கியங்களும் 248 ஆக அமைந்தன. முறை நுட்பமானது. ஆயின், அவதானித்துத் திருத்தங் கொடாவிடிற் சிறு வழுக்கள் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு பெருகும்.

வட்டுக்கோட்டைச் சச்சரவுக்கு நான்காண்டுகள் முன்னர், அதாவது 1825 இல், யோன் வாரன் என்பார் காலசங்கலிதம் என்னும் நூலைச் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரித் தமிழ்க் கணிதர் ஒருவர், எழுதுகோலும் ஏடுமின்றிச் சோழிகளை நிலத்திற் பரப்பி, மனத்திலிருந்த வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்த செய்தி அதில் விரிவாகப் பதியப்பட்டுள்ளது. கிரகணத்தின் தொடக்கம் நான்கு நிமிடமும், நடு இருபத்துமூன்று நிமிடமும், முடிவு ஐம்பத்திரண்டு நிமிடமும் மாறுபட்டன. ஒற்றோ நொய்கெபௌவர் என்னும் கணித வரலாற்றறிஞர் 1952 இல் இதனை மீள ஆராய்ந்தார். பாபிலோனியரின் பழைய கணித முறையோடு தொடர்புடைய மரபொன்று தமிழரிடத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை உயிரோடிருந்தமைக்கு இதைச் சான்றாகக் கொண்டார். பூவர் வழுவென்று கண்ட இடத்திலே நொய்கெபௌவர் வரலாற்றைக் கண்டார்.

இவ்விரு நோக்குகளுக்கும் இடைநின்றவர் ஹொய்சிங்ரன். தமிழ்ச் சோதிட கணிதத்தை மறுக்க வேண்டுமாயின் முதலில் அதனை முழுதும் கற்க வேண்டும் என்று துணிந்தார் அவர். அதன் பயனாக 1848 இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசன் அச்சகத்தில் வெளிவந்தது சோதிசாத்திரம் என்னும் நூல். இந்து வானநூலின் கணிதமுறை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கக் குறிப்புகளோடும் அதில் எடுத்தோதப்பட்டது. கண்டன நோக்கு அவரிடத்து முற்றும் நீங்கிற்று என்று சொல்லுதற்கில்லை. எனினும், கண்டிக்க எடுத்த பொருளைக் கற்கக் கற்க அதன்மேல் மதிப்புப் பிறப்பது கற்றோர்க்கு இயல்பு. தாயகம் திரும்பிய பின் 1854 இல், தத்துவக் கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகிய மூன்றையும் அவர் ஆங்கிலத்திற் பெயர்த்து அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் வெளியீட்டிற் பதிப்பித்தார். சைவசித்தாந்த சாத்திரங்கள் மேனாட்டறிஞர் கைக்குச் சென்ற மிக முற்பட்ட வழிகளுள் இஃதொன்று. சைவத்தைக் களையப் போந்த கூடத்தின் அதிபரே மெய்கண்டாரை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார் என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மிகும்.

அகராதித் துறையில் நிகழ்ந்த உழைப்பு இன்னும் விரிந்தது. அதில் வழக்கும் மிகுதி. நல்லூரிலிருந்த யோசேப்பு நைற் என்னும் இங்கிலாந்துத் திருச்சபைப் போதகர் சொற்களைத் திரட்டத் தொடங்கி, பணி முடியுமுன் 1838 இல் இறந்தார். அத்திரட்டு அமெரிக்க மிசனரிமார் வசப்பட்டது. 1842 இல், தமிழுக்குத் தமிழே பொருள் கூறும் பேரகராதி ஒன்று ஏறத்தாழ 58,500 சொற்களுடன் வெளிவந்தது. யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் வழங்குவது இதுவே. இதன் தொகுப்பிற் பெரும்பங்கு சந்திரசேகர பண்டிதருடையது. பின்னர், மிரன் வின்சிலோ 1862 இற் சென்னையில் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதி 67,452 சொற்களைக் கொண்டது. அதன் முகப்பேட்டில் வின்சிலோவின் பெயர் உண்டு. நைற்றின் பெயரும் உண்டு. உடனுழைத்த தமிழறிஞரோ, தகுதிவாய்ந்த சுதேச வித்துவான்கள் என்ற அளவில் அங்கே அடங்கிவிட்டனர். பல்லாண்டுகள் ஓலைச்சுவடிகளிலே கண்ணை ஊன்றிச் சொல்லையும் பொருளையும் எடுத்துக் கொடுத்தோர் பெயரின்றி நிற்க, அந்நூல் இன்றும் வின்சிலோ அகராதி என்றே வழங்குகின்றது. வின்சிலோவின் உழைப்பைக் குறைத்துக் கூறுதல் நேர்மையன்று. ஆயினும் ஒருவர் பெயரால் வழங்கும் நூல் ஒருவர் கையால் ஆனதன்று என்பதை மறத்தலும் நேர்மையன்று.

மாணவர் தம் பெயராலே நூல் செய்த துறைகளும் உள. சாத்திரசாலையிற் பயின்று அங்கேயே ஆசிரியராயிருந்த நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850 இல் நியாய இலக்கணத்தை வெளியிட்டார். மேனாட்டுத் தருக்கமுறையைத் தமிழிற் கூறும் நூல் அது. கணிதத்தில் வல்லவராகிய கறோல் விசுவநாதபிள்ளை 1855 இல் வீசகணிதத்தை எழுதினார். ஒரு சமன்பாட்டைத் தமிழ் வாக்கியத்தில் எவ்வாறு நடத்துவது, அறியப்படாத கணியத்தை எவ்வாறு குறிப்பது என்பன அன்று விடை காணப்படாத வினாக்கள். வகுப்பறையிலே கரும்பலகையின் முன் நின்று, மாணாக்கர்க்கு விளங்கும் சொல் எது, விளங்காதது எது என்று நாடோறும் சோதித்தறிந்தவருக்கே அத்தகைய நூல் கைகூடும். 1841 இல் தொடங்கிய உதயதாரகை என்னும் பத்திரிகையை முதலில் நடத்திய இருவரும் இச்சாத்திரசாலையிற் கற்றவரே. ஆதலின் ஆராய்ச்சியின் பயனைப் பொதுமக்களிடஞ் சேர்க்கும் வாயிலும் உடனே கிடைத்தது.

மருத்துவத் துறையின் கதை சாத்திரசாலை மூடிய பின்னரே முதிர்ந்தது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் வைத்தியர் முதலில் ஆங்கிலத்திற் பாடஞ் சொன்னார். அங்ஙனம் பயின்றோர் ஊரை விட்டு உத்தியோகம் நாடிச் செல்வதைக் கண்டு, பின்பு தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். அதற்கு நூல்கள் வேண்டும்; நூல்களுக்குக் கலைச்சொற்கள் வேண்டும். முதலில் தமிழிற் சொல்லைத் தேடுவது, கிடையாவிடிற் சமஸ்கிருதத்தை நாடுவது, அங்கும் அமையாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் அமைப்பது என்பது அவர் கொண்ட நெறி. இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் முதலிய நூல்கள் இவ்வாறு பிறந்தன. 1875 இல் வெளிவந்த கெமிஸ்தம் என்னும் இரசாயன நூலை மொழிபெயர்த்தவர் அவர் மாணவராகிய சப்மன். பார்வையிட்டுச் செப்பஞ் செய்தவர் கிறீன். மாணவரின் பெயரை மறையாது விளக்கிய இவ்வொழுங்கு அகராதிக்காரரிடத்துக் காணப்படாதது. கிறீன் 1884 இல் அமெரிக்காவில் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவப் போதகர் என்னுங் குறிப்பு அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டது.

சாத்திரசாலையின் முடிவு அதன் சிறப்பினாலேயே வந்தது. 1855 இல் அமெரிக்காவினின்றும் வந்த மேலிடத்துக் குழு, இக்கல்வி உத்தியோகத்துக்கு ஆளாக்குகின்றதேயன்றிச் சபைக்குப் போதகரைத் தரவில்லை என்று கண்டு அதனை நிறுத்தியது. செலவிட்ட பணத்தையும் திருமுழுக்குப் பெற்றோர் தொகையையும் எண்ணிப் பார்ப்பவருக்கு அம்முடிபு நியாயமாகவே தோன்றியிருக்கும். சொல்லகராதியும் வீசகணிதமும் அக்கணக்கில் அடங்கா. அதே ஆண்டின் தொடக்கத்திலே பூவரும் மானிப்பாயில் வாந்திபேதியாற் காலமானார். வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்ற 1872 வரை செல்லவேண்டியிருந்தது.

கூடம் மூடியதேயன்றி அங்கே பயின்ற முறை மூடவில்லை. 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறியோர் விசுவநாதபிள்ளையும் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையும் ஆவர். இருவரும் வட்டுக்கோட்டை மாணவர். ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை நானூற்றுக்கு மேற்பட்ட புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து 1886 இற் பாவலர் சரித்திர தீபகமாக அளித்தார். அங்கே கற்று நீதிபதியாக விளங்கிய கதிரவேற்பிள்ளை தொகுத்த சொல்லகராதியை மதுரைத் தமிழ்ச் சங்கம் மூன்று பாகங்களாக வெளியிட்டது.

இவர்களுள் தாமோதரம்பிள்ளையின் பணி தனித்து நோக்கற்குரியது. சேனாவரையர் உரையோடு தொல்காப்பியச் சொல்லதிகாரம் 1868 இல் ஆறுமுக நாவலரின் பரிசோதனையோடும் தாமோதரம்பிள்ளையின் முயற்சியோடும் வெளிவந்தது. மிசனரிமாரோடு நேர்நின்று வாதிட்ட நாவலரும், மிசனரிமாரிடங் கற்றுச் சைவராய் நின்ற தாமோதரம்பிள்ளையும் ஒரே சுவடியின் மேற் குனிந்தமை அக்காலத்து யாழ்ப்பாணத்தின் இயல்பை நன்கு காட்டும். பின்னர் 1881 இல் வீரசோழியமும், 1885 இல் நச்சினார்க்கினியர் உரையோடு பொருளதிகாரமும், 1887 இல் எட்டுத்தொகையுள் முதன்முதலாக அச்சேறிய கலித்தொகையும் அவர் கையால் வெளிவந்தன. பல ஏடுகளைத் திரட்டி, பாடங்களை ஒப்புநோக்கி, ஐயமுள்ள இடத்தை ஐயமென்றே குறிக்கும் நேர்மை அவர் பதிப்புரைகளிற் காணப்படும். செல்லரித்த ஏடு கட்டவிழ்க்குந்தோறும் ஒடிந்து உதிர, அவற்றை மீட்கும் அவதியை நீதிமன்றப் பணிக்கிடையே அவர் மேற்கொண்டார்.

நியாய இலக்கணம் எழுதிய சிதம்பரப்பிள்ளையோ 1886 இல் யாழ்ப்பாணத்து நகர்ப்புறத்திற் சுதேச நகர உயர்பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். அது 1890 இற் சைவ பரிபாலன சபையின் பொறுப்பிற் சேர்ந்து இந்து உயர்பாடசாலையாகி, யாழ்ப்பாண இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அவர் மைந்தர் செல்வத்துரை அக்கல்லூரியின் அதிபராகப் பல்லாண்டு பணியாற்றினார்.