மானுடத்தின் பொதுச்சொத்து: சந்திர உடன்படிக்கை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

புதிய நிலங்களை நோக்கிய பயணங்களின் வரலாறு, அந்நிலங்களின் உரிமை பற்றிய வரலாறுமாகும். 1494 ஆம் ஆண்டின் தோர்தெசியாஸ் உடன்படிக்கை மூலம் ஸ்பெயினும் போர்த்துக்கலும் தாம் பெரும்பாலும் கண்டிராத நிலங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. 1884-85 இல் கூடிய பெர்லின் மாநாடு, ஆபிரிக்கக் கரையோரங்களில் உரிமைகோரும் வல்லரசு அங்கு மெய்யாகவே ஆட்சியை நிறுவியிருத்தல் வேண்டும் என்னும் நியதியை வகுத்தது. தமிழில் ‘குடியேற்றம்’, ‘குடியேற்ற நாடு’, ‘குடியேற்றவாதம்’ ஆகிய சொற்கள் ஒரே அடியிலிருந்து பிறந்தவை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பூமிக்கு அப்பால் மனிதன் குடியேறுவது பற்றிப் பேசுங்கால், இச்சொற்களுள் எது அங்கு பொருந்தும் என்பதே ஆராயப்படவேண்டிய வினாவாகும். 1979 ஆம் ஆண்டின் சந்திர உடன்படிக்கை அவ்வினாவுக்கு விடைகாண முயன்றது. அம்முயற்சி தோன்றியவாற்றையும் தளர்வுற்றவாற்றையும் இக்கட்டுரை நோக்குகின்றது.

1957 ஒக்டோபர் 4 ஆந் திகதி சோவியத் ஒன்றியம் முதலாவது ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த பத்தாண்டுக்குள், 1967 ஜனவரி 27 இல், விண்வெளி ஒப்பந்தம் கைச்சாத்துக்கு வைக்கப்பட்டது. இறைமை கோருவதாலோ, பயன்படுத்துவதாலோ, ஆட்கொள்வதாலோ, வேறெவ்வழியாலோ சந்திரனையும் பிற வான்பொருள்களையும் எந்த நாடும் தனதாக்கிக்கொள்ள முடியாது என அதன் இரண்டாம் உறுப்புரை விதித்தது. பெர்லினில் வகுக்கப்பட்ட நியதி விண்வெளியில் இவ்வாறு மறுக்கப்பட்டது. ஆயினும் நிலத்தின் உரிமையைத் தடைசெய்த அவ்வொப்பந்தம், நிலத்திலிருந்து அகழ்ந்தெடுக்கப்படும் வளங்களின் உரிமை யாருடையது எனத் தெளிவாகக் கூறவில்லை. பிற்காலப் பூசல்கள் யாவும் இம்மௌனத்திலிருந்தே எழுந்தன.

இக்குறையை நிரப்ப முன்வந்தவை வல்லரசுகளல்ல. சந்திரனின் இயற்கை வளங்கள் மானுடத்தின் பொதுச்சொத்து எனக் கொள்ளும் வரைவொன்றை 1970 இல் ஆர்ஜென்டினா முன்வைத்தது. ஆழ்கடற் படுக்கைக்கு இதே கருத்தை 1967 இல் மோல்டாவின் பிரதிநிதி ஆர்விட் பார்டோ ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் எடுத்துரைத்திருந்தார். கடற்படுக்கைக் குழுவுக்கும், பின்னர் 1980 இல் தாம் இறக்கும்வரை மூன்றாவது கடற்சட்ட மாநாட்டுக்கும் தலைமை தாங்கியவர் இலங்கையின் இராசதந்திரி ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க ஆவார். கடலும் சந்திரனும் ஒரே வாதத்தின் இரு களங்களாக விளங்கின. புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்கு பற்றிய 1974 ஆம் ஆண்டுப் பிரகடனம் அவ்வாதத்தின் பொதுப் பின்புலமாக அமைந்தது.

இதனை முதலாளித்துவ முகாமுக்கும் சோசலிச முகாமுக்கும் இடையிலான போராட்டமாக மட்டும் காண்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. 1971 இல் சந்திரன் பற்றிய ஒப்பந்த வரைவொன்றைச் சமர்ப்பித்த சோவியத் ஒன்றியமே ‘பொதுச்சொத்து’ என்னும் கருத்தைப் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றது. இறுதியில் 1979 டிசம்பர் 5 இல் பொதுச்சபை உடன்படிக்கையை வாக்கெடுப்பின்றி ஏற்றது. வள அகழ்வு சாத்தியமாகும் தறுவாயில் அதனை நெறிப்படுத்தச் சர்வதேச ஒழுங்கமைப்பொன்று நிறுவப்படல் வேண்டும் என்றும், பயன்களைப் பகிர்கையில் வளர்முக நாடுகளின் தேவைகளும் ஆய்வுக்குப் பங்களித்த நாடுகளின் முயற்சிகளும் கருத்திற் கொள்ளப்படல் வேண்டும் என்றும் 11 ஆம் உறுப்புரை கூறியது.

உடன்படிக்கைக்கு எதிரான வலுவான குரல், வியப்புக்குரிய வகையில், விண்வெளிக் குடியேற்றத்தைக் கனவாகக் கொண்டோரிடமிருந்தே எழுந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் ஜெராட் ஓ’நீல் 1970களில் முன்வைத்த சுற்றுவட்டக் குடியிருப்புத் திட்டங்களால் உந்தப்பெற்று, 1975 இல் ஐக்கிய அமெரிக்காவில் எல்-5 சங்கம் தோன்றியது. உடன்படிக்கை தனியார் முயற்சியை முடக்கிவிடும் என வாதிட்ட அச்சங்கம், செனற் சபை அதனை ஏற்காதவாறு 1980 இல் தீவிர பிரசாரம் மேற்கொண்டது. ஐக்கிய அமெரிக்கா கைச்சாத்திடவில்லை. ஆனால் உடன்படிக்கை குடியேற்றத்தைத் தடைசெய்யவில்லை. ஆளுள்ள நிலையங்களை நிறுவவும், பயணத் தேவைகளுக்கு உரிய அளவில் கனிமங்களைப் பயன்படுத்தவும் அது இடமளித்தது. எனவே எதிர்க்கப்பட்டது குடியேறும் உரிமைக்கு விதிக்கப்பட்ட தடையன்று. குடியேற்றத்தின் பயனைப் பிறருடன் பகிரும் கடமையே எனலாம்.

உடன்படிக்கை 1984 ஜூலை 11 இல் நடைமுறைக்கு வந்தபோதிலும், இதுவரை அதனை ஏற்று உறுதிசெய்த நாடுகள் இருபதுக்கும் குறைவானவையே. வளர்முக நாடுகளுட் பலவும் ஒதுங்கியே நின்றன. இந்தியா 1982 இல் கைச்சாத்திட்டும் உறுதிசெய்யவில்லை. சவூதி அரேபியா 2024 இல் விலகியது. யாருடைய நலனுக்காக வாதம் தொடங்கப்பட்டதோ அவர்களே அதனைக் கைவிட்டமை, இத்தளர்வின் கசப்பான பகுதியாகும்.

வெற்றிடத்தை வேறு சட்டங்கள் நிரப்பின. 2015 இல் ஐக்கிய அமெரிக்கா தன் குடிமக்கள் அகழும் விண்வெளி வளங்களில் அவர்களுக்கு உடைமையுரிமை வழங்கியது. 2017 இல் லக்சம்பேர்க் அவ்வழியைப் பின்பற்றியது. 2020 ஒக்டோபரில் எட்டு நாடுகளுடன் தொடங்கிய ஆர்ட்டெமிஸ் இணக்கப்பாடுகள், வள அகழ்வு தன்னளவில் ஆட்கொள்ளலாகாது எனக் கொண்டு, செயற்பாட்டிடங்களைச் சுற்றிப் ‘பாதுகாப்பு வலயங்களை’ அனுமதித்தன. 2023 இல் இந்தியாவும் இணைந்தது. சீனாவும் ரஷ்யாவும் 2021 இல் தமக்கெனச் சந்திர நிலையத் திட்டமொன்றை அறிவித்தன. சந்திரனின் துருவப் பகுதிகளில், சூரிய ஒளி என்றுமே படாத பள்ளங்களில், நீர்ப்பனி தங்கியுள்ளது. குடிநீர், உயிர்வாயு, எரிபொருள் ஆகிய மூன்றுக்கும் அதுவே மூலம். அத்தகைய இடங்கள் வரையறுக்கப்பட்டவை. ஆகவே முதலிற் சென்றடைந்து வலயம் வகுப்போர், இறைமை கோராமலே அதன் பயன்களை நுகரக்கூடும். 1967 இல் வாசல்வழி வெளியேற்றப்பட்ட பெர்லின் நியதி, பின்வழியே மீளவும் நுழைவதற்கு இது இடமளிக்கும்.

சந்திரனில் இன்னும் எவரும் குடியேறவில்லை. வெளியேற்றப்படவேண்டிய பூர்வ குடிகளும் அங்கில்லை. ஆதலால் குடியேற்றவாதத்தின் வழமையான கொடுமை அங்கு நிகழாது என்பர். ஆனால் குடியேற்றவாதம் உள்ளூர்வாசிகளை மட்டுமன்றிப் பயணத்தில் பங்குபெற இயலாதோரையும் உரிமையற்றோராக்கியது. நீர்ப்பனியை எவரும் அகழத் தொடங்காத இக்காலப்பகுதியே விதிகளை மீள ஆராய்வதற்கு எஞ்சியுள்ள அவகாசமாகும். உடைமை நிலைபெற்ற பின்னர் பகிர்வு பற்றிப் பேசுவது எத்துணைக் கடினம் என்பதற்குப் பூமியின் வரலாறே போதிய சான்றாகும்.