குடியுரிமையேற்பு ஆவணங்கள் (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவின் குடியுரிமையேற்பு ஆவணங்கள் என்பவை, வேற்று நாட்டில் பிறந்த ஒருவர் அமெரிக்கக் குடியுரிமை பெறுவதற்காக மேற்கொண்ட நடவடிக்கைகளின் பதிவுகள் ஆகும். குடியேறிய முன்னோர் எந்த ஊரிலிருந்து, எப்போது வந்தனர் என ஆராய்வோருக்கு இவை முக்கிய சான்றுகளாக விளங்குகின்றன. ஆயினும், ஆவணம் எந்தக் காலத்தது, யாருக்கு உரியது என்பதைப் பொறுத்தே அது தரும் செய்தி அமையும்.

படிமுறைகள்

1795 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து குடியுரிமையேற்பு பொதுவாக இரண்டு படிகளில் நடைபெற்றது. குடியேறியவர் முதலில் குடிமகனாகும் நோக்கத்தை அறிவித்தார். இது "முதல் தாள்" எனப்பட்டது. ஐந்தாண்டு வசிப்பு நிறைவுற்றபின் மனு அளித்தார். மனு ஏற்கப்பட்டால் சான்றிதழ் வழங்கப்பட்டது. முதல் தாளை ஓர் ஊரிலும் மனுவை வேறோர் ஊரிலும் அளிக்க இயலும். எனவே ஒருவர் வாழ்ந்த ஊர்கள் அனைத்திலும் தேடுதல் வேண்டும். 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் முதல் தாள் கட்டாயமாக இருக்கவில்லை.

1906 ஆம் ஆண்டு மாற்றம்

1906 செப்டம்பர் 27க்கு முன்னர் நடுவண், மாநில, மாவட்ட, நகர நீதிமன்றங்கள் பலவும் குடியுரிமை வழங்கின. பொதுவான படிவம் இருக்கவில்லை. பல ஆவணங்களில் பெயர், நாள், துறக்கப்படும் அரசர் ஆகிய விவரங்களே உள்ளன. எடுத்துக்காட்டாக, 19 ஆம் நூற்றாண்டின் அயர்லாந்துக்காரர் ஒருவர் பிரித்தானிய அரசியிடம் கொண்ட பற்றைத் துறந்ததாக மட்டும் குறிப்பு இருக்கலாம். அவரது ஊர் அதில் இராது.

அந்நாளுக்குப் பின்னர் படிவங்கள் சீராக்கப்பட்டு, அவற்றின் படிகள் நடுவண் அரசுக்கு அனுப்பப்பட்டன. மனுவில் பிறந்த ஊர், பிறந்த நாள், கப்பலின் பெயர், வந்திறங்கிய துறைமுகம், துணைவர் மற்றும் பிள்ளைகளின் விவரங்கள் இடம்பெற்றன. 1929 சூலை முதல் ஒளிப்படமும் சேர்க்கப்பட்டது. எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றினர் என்னும் கருத்து பரவலாக உள்ளபோதும் அதற்குச் சான்றில்லை. மாறாக, குடியுரிமை பெறும்போது நீதிமன்றம் வழியாகப் பெயரை மாற்றிக்கொள்ள 1906 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது.

ஆவணம் இல்லாதோர்

1855 ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவியர் கணவரின் குடியுரிமையைப் பெற்றனர். 1922 இல் இம்முறை நீக்கப்பட்டது. ஆகவே அதற்கு முந்தைய காலத்தில் மணமான பெண்கள் பலருக்குத் தனி ஆவணம் இல்லை. வயது வராத பிள்ளைகளும் தந்தையின் வழியே குடியுரிமை பெற்றனர்.

1790 ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளையருக்கு மட்டுமே உரிமை அளித்தது. 1870 இல் ஆப்பிரிக்க வழியினர் சேர்க்கப்பட்டனர். 1923 இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர் அதனை இழந்தனர். சீனருக்கு 1943 இலும், இந்தியருக்கும் பிலிப்பினோக்களுக்கும் 1946 இலும் சட்டம் வழிவிட்டது. 1952 இல் இனத்தடை முற்றிலும் நீக்கப்பட்டது. எனவே, ஆவணம் கிடைக்காமையைக் கொண்டு ஒருவர் அங்கு வாழவில்லை எனக் கருதலாகாது.

தேடும் முறை

1900 முதல் 1930 வரையான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் ஒருவர் குடியுரிமை பெற்றவரா, முதல் தாள் மட்டும் பெற்றவரா, அயல்நாட்டவரா எனக் குறிக்கின்றன. 1920 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு குடியுரிமை பெற்ற ஆண்டையும் தருகிறது. இவற்றால் காலத்தையும் ஊரையும் வரையறுத்தபின், உரிய நீதிமன்றத்தின் பதிவேடுகளை ஆராயலாம். நடுவண் நீதிமன்றங்களின் பழைய பதிவேடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன.