எண்ணூரில் எடுத்த பத்து நிமிடம்

2017 தைப்பொங்கல் அன்று யூடியூபில் ஒரு படம் ஏறியது. ஓடும் நேரம் ஏறக்குறைய பத்து நிமிடம். பெயர் ‘சென்னை புறம்போக்கு பாடல்’. கபேர் வாசுகி எழுத, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைக்க, டி.எம். கிருஷ்ணா பாடியது. ஆனந்தபைரவியில் தொடங்கி சிந்துபைரவியில் முடிகிற ராகமாலிகை. சொற்களோ மெட்ராஸ் தெருப்பேச்சு. இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். இப்படி ஒரு பாட்டு வேண்டும் என்று நினைத்து அதற்கு ஆள் சேர்த்தவர் சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன்.

சபா மேடையில் கேட்டுப் பழகிய குரலை எண்ணூருக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், காலடியில் சாம்பல். பாடகர் மாசுத்தடுப்பு முகமூடியோடு தெரிகிற காட்சியும் உண்டு. கொரோனாவுக்கு முந்தைய காலம் அது. முகமூடி போட்ட முகம் அன்றைக்குப் பார்ப்பவரைத் திடுக்கிட வைத்தது. அந்தக் காற்றை முகமூடி இல்லாமல் தினமும் சுவாசிக்கிறவர்கள் கரையில் இருக்கிறார்கள் என்பதும் உடனே உறைத்தது.

இந்தப் படத்துக்கு ஓர் அண்ணன் உண்டு. 2015 ஜூலையில் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’. அதையும் இயக்கியவர் ரதீந்திரன்தான். 2001-ல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தைப் பற்றிய ராப் பாட்டு அது. தொழிலாளர்கள் பதினைந்து ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு உலகமெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் ஆலையின் உரிமையாளரான யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டுமே அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். நீண்ட போராட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அது ஒரு கை கொடுத்தது. அந்த அனுபவத்தின் பலத்தில்தான் கேமரா வடசென்னைக்கு வந்தது.

எண்ணூரில் நடப்பதைப் படமாக்குவது லேசான காரியமல்ல. கொடைக்கானலில் ஓர் ஆலை, ஒரு நஞ்சு, ஒரு நிறுவனம். எண்ணூரில் கணக்கே வேறு. 2001-ல் திறந்த துறைமுகத்தில், இன்றைய காமராஜர் துறைமுகத்தில், நிலக்கரி வந்து இறங்குகிறது. அங்கிருந்து வடசென்னை அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. எரிந்த பின் மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, எண்ணூர் ஆற்றைக் கடந்து போகும் குழாய்கள் வழியாகச் செப்பாக்கத்துச் சாம்பல் குட்டைக்குத் தள்ளுகிறார்கள். குழாய் துருப்பிடிக்கும், ஓட்டை விழும், கசியும். கசிந்ததெல்லாம் ஆற்றில் படியும். ஆறு மேடாகிப் போச்சு என்று காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் சொல்வார்கள். ஆழம் போனால் படகு தட்டும். இறால் போகும், மடவை போகும், நண்டு போகும். மழைக்காலத்தில் பூண்டி ஏரியைத் திறந்துவிட்டால் அந்த வெள்ளம் கடலுக்குப் போகிற வாயும் இதுதான். அது தூர்ந்தால் தண்ணீர் மணலிக்குள்ளும் திருவொற்றியூருக்குள்ளும் ஏறும். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் எங்கே கேமராவை வைப்பது? செத்து மிதக்கும் மீனும் இல்லை, வெடித்த ஆலையும் இல்லை. ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்கிற ஒரு சாவு இது. படத்தை எடுத்தவர்கள் செய்த நல்ல காரியம், சாவைக் காட்டுவதைவிட அந்த இடத்தின் உரிமையைப் பேசியது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் பட்டா இல்லாத பொது நிலம் புறம்போக்கு: ஏரி, ஆறு, மேய்ச்சல் வெளி, சுடுகாடு, கடற்கரை. அது யாருக்கும் உபயோகமில்லாத இடம் என்ற நினைப்புத்தான் எண்ணூரைச் சாம்பல் கொட்டும் இடமாக்கியது. அங்கே இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு, வாயில் பறியைக் கவ்விக்கொண்டு நீரில் தவழ்கிற அவர்களுக்கு, அதுவே வயல். எந்த ஊர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ‘பாடு’ முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் மீனவர்களுக்கு அது சட்டமும் ஒழுங்கும் உள்ள பொதுச்சொத்து.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப்போய் வேறு சில படங்களைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் இந்தப் படம் எவ்வளவு வித்தியாசமான வழியில் பயணம் செய்தது என்று புரியும்.

இயற்கையைக் காக்கப் படம் காட்டுவது பழைய முறை. கென்யாவில் சைமன் ட்ரெவர் தொடங்கிய ஆப்பிரிக்கச் சுற்றுச்சூழல் திரைப்பட அறக்கட்டளை, யானையையும் காட்டையும் பற்றிய படங்களைச் சுவாஹிலி முதலான உள்ளூர் மொழிகளில் எடுத்து, பள்ளிகளுக்கும் மின்சாரம் இல்லாத கிராமங்களுக்கும் கொண்டுபோகிறது. ஐரோப்பாவில் பரிசு வாங்கும் ஆப்பிரிக்கக் காட்டுப் படங்களை ஆப்பிரிக்கக் குழந்தைகள் பார்த்ததே இல்லை என்ற குறையிலிருந்து பிறந்த முயற்சி அது. நல்ல முயற்சி.

நம் நாட்டில் இதற்கு ஈடாகச் சொல்ல வேண்டியது மைக் பாண்டே எடுத்த ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’. நைரோபியில் பிறந்தவர் அவர். குஜராத் கடலில் திமிங்கலச் சுறாக்கள் கொல்லப்படுவதை 2000-ல் உலகத்துக்குக் காட்டினார். பிரிஸ்டலில் அதற்குப் பாண்டா விருது கிடைத்தது. 2001-ல் இந்திய அரசு அந்தச் சுறாவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டால் போதுமா? வேராவல் மீனவருக்கு அதுவரை அது பீப்பாய் கட்டிப் பிடிக்கிற மீன். அதன் பெயரே அங்கே ‘பேரல்’. 2004-ல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை ஊர் ஊராகப் போனது. சுறாவின் அளவுக்கே காற்றடைத்த பொம்மை, தெரு நாடகம் எல்லாம் கூடவே போயின. கதாகாலட்சேபம் செய்யும் முராரி பாபுவும் சேர்ந்துகொண்டார். பிறந்த வீட்டுக்குப் பிரசவத்துக்கு வரும் மகளைக் கொல்வீர்களா என்பதுதான் அவர் மீனவர்முன் வைத்த கேள்வி. சுறாவுக்கு ‘வாலி’ என்று, அன்புக்குரியவள் என்ற பொருளில், புதுப் பெயர் வந்தது. வலையில் சிக்கிய சுறாக்களை வலையை அறுத்து விட்டார்கள் மீனவர்கள். நூற்றுக்கணக்கில் விட்டிருக்கிறார்கள். அறுந்த வலைக்கு அரசு இழப்பீடும் கொடுத்தது.

இந்த இரண்டு கதையிலும் படம் ஒரே திசையில் போகிறது. நகரத்திலிருந்து கிராமத்துக்கு, தெரிந்தவரிடமிருந்து தெரியாதவருக்கு. வேராவலில் அந்தத் திசை சரிதான். சுறாவைக் கொன்ற கையும் அங்கேதான் இருந்தது, அதைக் காப்பாற்றிய கையும் அங்கேதான் இருந்தது. எண்ணூருக்கு அது பொருந்தாது. தாழங்குப்பத்து மீனவருக்கு அலையாத்தி ஏன் வேண்டும், களி நண்டு எங்கே முட்டையிடும் என்று யார் படம் காட்டிச் சொல்லித்தர முடியும்? ஆற்றைக் கெடுத்த கை அங்கே இல்லை. அது மின்வாரியத்தில் இருக்கிறது, துறைமுகத் திட்டங்களில் இருக்கிறது, மயிலாப்பூரிலும் அடையாறிலும் சுவிட்சைத் தட்டுகிற நம் ஒவ்வொருவரின் விரலிலும் இருக்கிறது. ஆகவே படம் கரையிலிருந்து கிளம்பி நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. ‘புறம்போக்கு’ படம் அப்படித்தான் போனது. அதன் வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

நகரத்துக்குப் பேசிப் பலன் உண்டா? முன்னுதாரணம் இருக்கிறது. சென்னைப் பாம்புப் பண்ணையில் சிறுவனாகத் தொண்டு செய்யப்போய், அங்கிருந்து காட்டுயிர்ப் படக்காரரானவர் ஷேகர் தத்தாத்ரி. குதிரேமுக் இரும்புச் சுரங்கம் மேற்குத் தொடர்ச்சி மலையை என்ன செய்கிறது என்று 2001-ல் ஒரு குறும்படம் எடுத்தார். தொலைக்காட்சிப் பார்வையாளரைவிட, முடிவெடுக்கிறவர்களை மனதில் வைத்து எடுத்த படம். சுரங்க எதிர்ப்பாளர்கள் நடத்திய வழக்குக்கு அது துணை நின்றது. 2002-ல் உச்ச நீதிமன்றம் மூடச் சொன்னது; 2005 முடிவில் சுரங்கம் நின்றது.

எண்ணூர்ப் படம் பிறந்த வேளை விசித்திரமானது. அது வெளியான சில நாட்களில் சென்னை இளைஞர்கள் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்டார்கள். ஊரின் கண் முழுக்க அங்கே இருந்தது. அந்தக் கூட்டம் கலைந்த சில நாளில், ஜனவரி 28-ஆம் தேதி அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எரிவாயுக் கப்பல் ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, எண்ணெய்க் கப்பல் ‘டான் காஞ்சிபுரம்’. கசிந்த எண்ணெய் கெட்டியாகி எர்ணாவூர்ப் பாறைகளில் ஒட்டிக்கொண்டது. தெற்கே மெரினா வரைக்கும் போனது. மாணவர்களும் மீனவர்களும் வாளியால் மொண்டு மொண்டு எடுத்தார்கள். இறந்து ஒதுங்கிய பங்குனி ஆமைகளும் அதே மணலில் கிடந்தன. அந்த வாரங்களில் எண்ணூர் எங்கே இருக்கிறது என்று தேடியவர்களுக்குப் பதிலாகக் கைபேசிக்குக் கைபேசி போனவற்றில் இந்தப் பாட்டும் ஒன்று. விபத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் விபத்து ஏன் எப்போதும் எண்ணூரிலேயே நடக்கிறது என்பதற்கு அதில் விளக்கம் இருந்தது.

பிறகு அது கச்சேரி மேடை ஏறியது. கிருஷ்ணா தம் கச்சேரிகளிலும் அதைப் பாடினார். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். வடசென்னை என்றால் திரையில் அரிவாளும் ரவுடியும்தான் என்று பழகிப்போன ரசிகர்முன், அந்த ஊரின் பேச்சு ஆனந்தபைரவிக்குள் உட்கார்ந்தது. முகம் சுளித்தவர்களும் உண்டு. சுளித்தவர்களும் முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் சுளித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கமல்ஹாசன் எண்ணூர் ஆற்றங்கரைக்கே போய்ச் சாம்பல் படிந்த இடங்களைப் பார்த்தபோது தொலைக்காட்சிகளும் அவர் பின்னால் போயின.

பாட்டு ஆற்றைக் காப்பாற்றியதா என்று கேட்டால், இல்லை. சாம்பல் தொடர்ந்து கசிந்தது. 2022 ஜூலையில்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பலால் ஆற்றுக்கு நேர்ந்த கேட்டைச் சரிசெய்யும் பொறுப்பு மின்வாரியத்துக்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு மீனவர் போட்டது. அதற்காக ஆண்டுக்கணக்கில் படகில் போய்ச் சாம்பல் படிந்த இடங்களை அடையாளம் காட்டியவர்களும் அவர்கள். பாட்டு கேட்டு வந்தவர்களில் சிலர் அளவெடுக்கவும் ஆவணம் தேடவும் கூட நின்றார்கள். ஒரு படத்திடம் அவ்வளவு கிடைத்தாலே பெரிது.

2023 டிசம்பர் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றுக்குள் இறங்கியது. வீட்டுச் சுவர், படகு, வலை எல்லாம் கறுத்தன. கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய் அப்பியது. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஊரே வீட்டைவிட்டு ஓடியது. பெண்கள் மாதக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

இந்த முறை வெளியூரிலிருந்து பாடகரோ இயக்குநரோ வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. எண்ணெய் மிதக்கும் ஆற்றை மீனவர்களே கைபேசியில் படமெடுத்து அனுப்பினார்கள். செய்தியாளர்களுக்கு வழிகாட்டியவையும் அந்தப் படங்கள்தான். 2017-ல் எண்ணூருக்கு வந்த கேமரா, 2023-ல் எண்ணூர்க்காரர் கையில் இருந்தது. அந்தப் பாட்டுத்தான் இதைக் கற்றுக்கொடுத்தது என்று சொல்வது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். கைபேசி எல்லார் கையிலும் வந்துவிட்டது, ஆபத்து வாசலில் நின்றது, எடுத்தார்கள்.

ஆனால் நிதானமாக எடுக்க வேண்டிய படம் இன்னும் பாக்கி. ஆற்றுக்குள் ‘காக்கா ஆழி’ வந்துவிட்டது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் கறுப்புச் சிப்பி அடிமண்ணைப் போர்த்திக்கொண்டு மட்டியையும் இறாலையும் ஒழிக்கிறது. அது எப்படிப் பரவுகிறது என்று தண்ணீருக்குள் கைவிட்டுப் பார்த்தவர்கள் இருளர் பெண்கள். பாடு எப்படிப் பிரிக்கப்படுகிறது, எந்த மாதம் எந்த மீன் ஏறும், சாம்பல் வருவதற்கு முன் ஆறு எவ்வளவு ஆழம் என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் குப்பங்களில் இருக்கிறார்கள். பாட்டு வந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு இப்போது ஓட்டுரிமை வந்துவிட்டது. கேமரா பிடிக்கவும் வெட்டி ஒட்டவும் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எடுத்து, அவர்கள் பேச்சிலேயே வருகிற படத்தை முதலில் திரையிட வேண்டிய இடம் எண்ணூர்ப் பள்ளிக்கூடம் இல்லை. தென்சென்னைப் பள்ளிகளில் திரையிட வேண்டும், மின்வாரியத் தலைமையகம் இருக்கிற அண்ணா சாலையில் திரையிட வேண்டும். அடுத்த அனல்மின் திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் கூட்டுகிற நாளில், அதிகாரிகள் உட்காரும் மேசைக்கு எதிரே திரையைக் கட்டி ஓட்ட வேண்டும்.